ஒன்ராறியோவில் கினிசியாலஜி: படிப்பும் வேலைகளும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் காலம் வந்துவிட்டால் ரொறன்ரோவிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள தமிழ்க் குடும்பங்களில் உடலசைவு அறிவியலான கினிசியாலஜி பற்றிய பேச்சும் தொடங்கிவிடுகிறது. நான் இதைப் படித்து, பதிவுபெற்ற கினிசியாலஜிஸ்டாக வேலை செய்கிறேன். பெற்றோரும் பிள்ளைகளும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இது நல்ல படிப்பு. விரும்பிச் செய்யும் தொழிலும் இதற்குள் இருக்கிறது. ஆனால் பட்டம் கையில் வந்த பிறகு மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடக் கூடாது. கீழே உள்ள பதில்கள் பலவற்றிலும் இந்த எச்சரிக்கை இருக்கும்.

கினிசியாலஜியில் என்னதான் படிக்கிறார்கள்?

மனித உடல் எப்படி அசைகிறது, அந்த அசைவு எதனால் கெடுகிறது, கெட்டதை எப்படி மீட்பது என்பதைப் படிக்கிறார்கள். படியில் இறங்கும்போது முழங்கால் வலிக்கிறது என்று ஒருவர் சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். உடற்கூற்றியல் வகுப்பு அந்த மூட்டில் உள்ள எலும்பு, தசைநார், குருத்தெலும்பு ஆகியவற்றைக் காட்டும். பயோமெக்கானிக்ஸ், இறங்கும்போது மூட்டின் மேல் எவ்வளவு விசை விழுகிறது என்று கணக்குப் போட வைக்கும். உடற்பயிற்சி உடலியங்கியல், தொடையின் முன்தசை நீண்டுகொண்டே சுமை தாங்குவதால் இறங்குவது ஏன் தனி வகை வேலை என்று விளக்கும். நரம்பு வழிக் கட்டுப்பாடு பற்றிய பாடம், வலி உள்ளவர் தன்னையறியாமலே நடையை மாற்றிக்கொள்வதைக் கவனிக்கச் சொல்லும். அதே மனிதர் பயிற்சியை மூன்றாம் நாளே ஏன் நிறுத்திவிடுகிறார் என்பது உளவியல் வகுப்பின் கேள்வி. இவற்றோடு ஊட்டச்சத்து, பொதுச் சுகாதாரம், புள்ளியியல், ஆய்வு முறைகள் ஆகியவையும் உண்டு.

ஆய்வுகூடம்தான் இந்தப் படிப்பின் உயிர். நடக்கும்போது தரையில் விழும் விசையை அளக்கும் தட்டு, தசையின் மின் சமிக்ஞையைப் பதிவுசெய்யும் கருவி, முகமூடி அணிந்து ஓடும்போது உடல் எவ்வளவு ஒட்சிசனைப் பயன்படுத்துகிறது என்று அளக்கும் இயந்திரம் எல்லாம் மாணவர் கையில் வரும். புரூஸ் முறை என்ற ஓட்டப் பரிசோதனையில் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை ஓடுபட்டியின் வேகமும் சரிவும் கூடும். அதை மற்றவருக்கு நடத்தும் முன் பெரும்பாலான மாணவர்கள் தாமே ஒருமுறை ஓடிப் பார்த்துவிடுவார்கள். சில பல்கலைக்கழகங்களில் தானமாக வந்த உடல்களைக் கொண்டு உடற்கூற்றியல் கற்பிக்கிறார்கள். அந்த அறைக்குள் போகும் பிள்ளை வெளியே வரும்போது கொஞ்சம் வளர்ந்திருக்கும்.

எங்கள் பிள்ளை விளையாட்டில் கெட்டிக்காரர் அல்ல. சேரலாமா?

தாராளமாகச் சேரலாம். ஓட்டத்தில் முதலாவதாக வருபவருக்கு இங்கே தனிச் சலுகை எதுவும் இல்லை. செய்முறை வகுப்புகள் சில பல்கலைக்கழகங்களில் உண்டு. ஆனால் தகுதி பார்ப்பது அறிவியல் பாடங்களில்தான்.

பன்னிரண்டாம் வகுப்பில் என்னென்ன பாடங்கள் எடுக்க வேண்டும்?

பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் வேறுபடும் என்பதால் அவரவர் இணையப் பக்கத்தில் அந்த ஆண்டுக்குரிய பட்டியலைப் பார்ப்பதே பாதுகாப்பு. பொதுவாக ஆங்கிலம், உயிரியல், வேதியியல், கணிதம் ஆகிய நான்கும் இருந்தால் பெரும்பாலான கதவுகள் திறந்திருக்கும். பள்ளியில் கினிசியாலஜி அறிமுகப் பாடம் இருந்தால் எடுப்பது நல்லது. பிடிக்கிறதா இல்லையா என்று அங்கேயே தெரிந்துவிடும். பௌதிகத்தைக் கைவிட வேண்டாம் என்பது என் தனிப்பட்ட வேண்டுகோள். கட்டாயம் இல்லாத இடங்களிலும், இரண்டாம் ஆண்டு பயோமெக்கானிக்ஸில் தடுமாறுபவர்கள் பெரும்பாலும் பௌதிகத்தைப் பத்தாம் வகுப்போடு விட்டவர்கள்.

எந்தப் பல்கலைக்கழகம் நல்லது?

தரவரிசைப் பட்டியலை வைத்துப் பதில் சொல்ல மாட்டேன். பிள்ளை என்ன செய்ய விரும்புகிறது என்பதை வைத்துச் சொல்லலாம்.

வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் கினிசியாலஜித் துறை 1967இல் தொடங்கியது. உலகில் இந்தப் பெயரில் தொடங்கிய முதல் துறை என்று அது தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறது. முதுகெலும்பின் மேல் விழும் விசைகளை ஆராய்ந்து உலகப் பெயர் பெற்ற ஸ்டூவர்ட் மெக்கில் பல பத்தாண்டுகள் பணியாற்றிய இடம் இது. அங்கே படிப்புக் காலத்துக்கு நடுவே நான்கு நான்கு மாதங்களாகச் சம்பளத்துடன் வேலைக்குப் போகும் கூட்டுக்கல்வி முறை உண்டு. தொழிற்சாலைப் பாதுகாப்பு, பணியிட வடிவமைப்புப் பக்கம் போக எண்ணும் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை. விளையாட்டுக் காயங்களைப் பார்க்க ஆசைப்பட்டால், கினிசியாலஜிப் பட்டத்தோடு அத்லெடிக் தெரபி சான்றிதழையும் சேர்த்துப் படிக்கக்கூடிய யோர்க் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். அந்தச் சான்றிதழுக்குத் தனித் தேர்வு உண்டு, போட்டியும் உண்டு. ரொறன்ரோ, மக்மாஸ்டர், வெஸ்டர்ன், குயின்ஸ் ஆகிய நான்கிலும் ஆராய்ச்சி வலுவாக இருக்கிறது.

வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தையும் கணக்கில் எடுங்கள். தினமும் மூன்று மணி நேரம் பஸ்ஸிலும் ரயிலிலும் கழிக்கும் பிள்ளைக்குத் தன்னார்வப் பணி செய்ய நேரம் இருக்காது. இந்தத் துறையில் தன்னார்வப் பணி எவ்வளவு முக்கியம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இதுவும் பிசியோதெரபியும் ஒன்றுதானே?

அதிகம் கேட்கப்படுவதும், அதிகக் குழப்பத்தைத் தருவதும் இந்தக் கேள்விதான். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பிசியோதெரபி என்பது பள்ளி முடித்தவுடன் சேரும் இளநிலைப் படிப்பு. கனடாவில் அது முதுநிலைப் படிப்பு. முதலில் நான்கு ஆண்டுப் பட்டம் ஒன்றை முடித்து, பிறகு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் பிசியோதெரபி படிக்க வேண்டும். அந்த முதல் பட்டமாகப் பலரும் கினிசியாலஜியை எடுப்பதால் இரண்டும் ஒன்று என்ற எண்ணம் ஊரில் பரவியிருக்கிறது.

வேலையிலும் வேறுபாடு இருக்கிறது. ஒன்ராறியோவில் பிசியோதெரபிஸ்டுக்கு நோயைக் கண்டறிந்து நோயாளிக்குச் சொல்லும் அதிகாரம் சட்டப்படி உண்டு. முதுகெலும்பைக் கையால் அசைத்துச் சரிசெய்வது போன்ற, சட்டம் கட்டுப்படுத்தியுள்ள சில செயல்களையும் அவர் செய்யலாம். கினிசியாலஜிஸ்டுக்கு அந்த அதிகாரங்கள் இல்லை. அசைவையும் உடல் திறனையும் மதிப்பிடுவது, அதற்கேற்ற பயிற்சித் திட்டம் வகுப்பது, அதைக் கற்றுக்கொடுத்து முன்னேற்றத்தை அளப்பது ஆகியவை எங்கள் பணி. ஒரே நிலையத்தில் இருவரும் அருகருகே வேலை செய்வது வழக்கம். வலி அடங்கும் வரை பிசியோதெரபிஸ்ட் முன்னே நிற்பார். மூன்று மாதம் கழித்து அந்த மனிதர் மறுபடி பாரம் தூக்கி வேலைக்குப் போக வேண்டும் என்ற கட்டத்தில் எங்கள் பங்கு பெரிதாகும்.

பிசியோதெரபியில் இடம் கிடைப்பது எவ்வளவு கடினம்?

கடினம்தான். ஒன்ராறியோவில் ரொறன்ரோ, மக்மாஸ்டர், வெஸ்டர்ன், குயின்ஸ், பிரெஞ்சு மொழியில் கற்பிக்கும் ஒட்டாவா என ஐந்து பல்கலைக்கழகங்களே இதை நடத்துகின்றன. விண்ணப்பிப்பவர்களின் எண்ணிக்கை இடங்களைவிடப் பல மடங்கு. மதிப்பெண் பார்க்கும்போது படிப்பின் கடைசி இரண்டு ஆண்டுகளுக்கு அதிக எடை தருகிறார்கள். ஆகவே முதலாம் ஆண்டில் சறுக்கிய பிள்ளை மனம் தளர வேண்டியதில்லை. மூன்றாம் ஆண்டில் அசட்டையாக இருப்பவருக்குத்தான் ஆபத்து. இதற்குக் கினிசியாலஜிதான் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது. வேறு பட்டம் பெற்றவர்களும் கேட்கப்படும் பாடங்களை முடித்திருந்தால் விண்ணப்பிக்கலாம்.

கினிசியாலஜி வகுப்பில் உட்கார்ந்துகொண்டு நான்கு ஆண்டுகளையும் பிசியோதெரபிக்கான காத்திருப்பாகவே கழிக்கும் மாணவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். இடம் கிடைக்காத அன்று, கையில் ஒன்றுமே இல்லை என்று அவர்களுக்குத் தோன்றிவிடுகிறது. கேட்கத் தெரிந்த முதலாளியிடம் நல்ல விலை போகக்கூடிய அறிவு அவர்களிடம் இருக்கிறது. அதைக் காட்டும் அனுபவத்தைத்தான் சேர்த்து வைக்கவில்லை.

பட்டம் முடித்தவுடன் வேலை கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் முதல் வேலை நீங்கள் கனவு கண்ட வேலையாக இருக்காது. சிகிச்சை நிலையத்தில் பிசியோதெரபிஸ்டுக்கு உதவியாளர், உடற்பயிற்சிக் கூடத்தில் பயிற்றுநர், முதியோர் இல்லத்தில் செயற்பாட்டு ஒருங்கிணைப்பாளர் போன்றவைதான் வழக்கமான தொடக்கம். மணிக்கணக்கில் சம்பளம், மாறிக்கொண்டே இருக்கும் நேரம், பல இடங்களில் மருத்துவக் காப்புறுதி போன்ற சலுகைகள் இல்லாமை எல்லாம் உண்டு. கணினி அறிவியல் முடித்த பெரியப்பா மகனின் சம்பளத்தோடு இதை ஒப்பிட்டுப் பிள்ளையை நோகடிக்காதீர்கள். ஒப்பிட வேண்டுமென்றால் ஐந்தாம் ஆண்டில் ஒப்பிடுங்கள். அதற்குள் பதிவு, சான்றிதழ், அனுபவம் மூன்றையும் சேர்த்தவர் மருத்துவமனையிலோ பெரிய நிறுவனத்திலோ நிலையான பணிக்குப் போயிருப்பார்.

சான்றிதழ் என்றதும் இணையத்தில் வார இறுதியில் கிடைப்பதை வாங்கிவிட வேண்டாம். கனடிய உடற்பயிற்சி உடலியங்கியல் சங்கம் தரும் பயிற்றுநர் சான்றிதழுக்கும், நாட்பட்ட நோயாளிகளோடு வேலை செய்வதற்கான அதன் உயர்நிலைச் சான்றிதழுக்கும் மதிப்பு உண்டு. விளையாட்டு அணிகளோடு பணியாற்ற விரும்புபவர்கள் அமெரிக்காவின் தேசிய வலிமைப் பயிற்சிச் சங்கம் தரும் சான்றிதழை எடுக்கிறார்கள்.

பதிவுபெற்ற கினிசியாலஜிஸ்ட் என்றால் என்ன? பட்டம் போதாதா?

ஒன்ராறியோவில் பட்டம் மட்டும் போதாது. 2007ஆம் ஆண்டின் கினிசியாலஜிச் சட்டம் 2013 ஏப்ரல் 1 அன்று முழுமையாக நடைமுறைக்கு வந்தது. இத்தொழிலைச் சட்டப்படி ஒழுங்குபடுத்திய முதல் கனடிய மாகாணம் ஒன்ராறியோ. அன்று முதல் ஒழுங்குமுறை அமைப்பில் பதிவு செய்யாத எவரும் தன்னைக் கினிசியாலஜிஸ்ட் என்று சொல்லிக்கொள்ள முடியாது. நான்கு ஆண்டுப் பட்டம், பதிவுக்கான தேர்வு, சட்டமும் தொழில் ஒழுக்கமும் பற்றிய பாடம், தொழில்சார் காப்புறுதி ஆகியவை வேண்டும். ஆண்டுதோறும் கட்டணம் கட்ட வேண்டும்.

கட்டணத்தைப் பார்த்துப் பின்வாங்குபவர்கள் இருக்கிறார்கள். பட்டம் முடித்த ஆண்டிலேயே தேர்வை எழுதிவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். உடற்கூற்றியலும் உடலியங்கியலும் நினைவில் பசுமையாக இருக்கும் காலம் அது. வாகன விபத்துக் காப்புறுதி, வேலையிட விபத்து இழப்பீடு ஆகியவற்றோடு தொடர்புள்ள நிலையங்கள் ஆளெடுக்கும்போது பதிவு இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கின்றன. மாகாண அரசின் மருத்துவக் காப்பீடு எங்கள் கட்டணத்தை ஏற்பதில்லை. வேலை வழங்குநர் தரும் காப்புறுதித் திட்டங்களில் சில ஏற்கின்றன.

பணியிட வடிவமைப்பு வேலை என்கிறார்களே, அது என்ன?

எர்கோனோமிக்ஸ். வேலைக்கு ஏற்றபடி மனிதனை வளைக்காமல், மனிதனுக்கு ஏற்றபடி வேலையை மாற்றுவது. கினிசியாலஜி படித்தவர்களுக்கு இருக்கும் வழிகளில் மிகக் குறைவாக அறியப்பட்டதும், என் பார்வையில் மிகச் சிறந்ததும் இதுதான்.

அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையோஷ் 1990களின் தொடக்கத்தில் திருத்தி வெளியிட்ட பாரம் தூக்கும் சமன்பாடு ஒன்று இருக்கிறது. எல்லாம் சாதகமாக இருக்கும்போது தூக்கலாம் என்று அது வைக்கும் எல்லை 23 கிலோ. பெட்டி உடலை விட்டு விலக விலக அந்த எல்லை இறங்கும். கைகள் கணுக்கால்களுக்கு நடுவிலிருந்து 25 சென்டிமீட்டர் முன்னே தள்ளியிருந்தால் 23 கிலோ; 50 சென்டிமீட்டர் தள்ளியிருந்தால் பாதி, அதாவது 11.5 கிலோ. தரையிலிருந்து தூக்குவது, உடலைத் திருப்பித் தூக்குவது, நிமிடத்துக்குப் பல முறை தூக்குவது எல்லாம் அதை இன்னும் குறைக்கும். ஒரு கிடங்கில் பெட்டிகளின் எடையைக் குறைக்க முடியாவிட்டாலும், தட்டின் உயரத்தை மாற்றி, நடுவில் இருக்கும் தடுப்பை எடுத்துவிட்டால் நூறு பேரின் இடுப்பு தப்பும். அதைக் கணக்கோடு நிறுவி மேலாளரைச் சம்மதிக்க வைப்பதுதான் வேலை.

எங்கள் பெற்றோரில் எத்தனை பேர் இந்த நாட்டுக்கு வந்து கிடங்குகளிலும் தொழிற்சாலைகளிலும் இரவு வேலை செய்து முதுகைத் தேய்த்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அவர்களின் பிள்ளைகள் அதே இடங்களுக்குள் அளவுநாடாவும் கணினியுமாகப் போய் அந்த வேலையை மாற்றி அமைக்க முடியும். எனக்கு இது பெரிய விஷயம். அலிஸ்டனில் ஹோண்டா, கேம்பிரிட்ஜில் டொயோட்டா என்று வாகன ஆலைகள் உள்ள மாகாணம் இது. மருத்துவமனைகளில் நோயாளிகளைத் தூக்கிக் கிடத்தும் தாதியருக்கும் இந்த அறிவு தேவை. அனுபவம் சேர்ந்த பிறகு கனடியச் சான்றிதழ் பெற்ற எர்கோனோமிஸ்ட் என்ற தகுதிக்கு விண்ணப்பிக்கலாம்.

மருத்துவமனைகளில் இடம் உண்டா?

உண்டு. இதயநோய்க்குப் பின்னான பயிற்சித் திட்டங்கள் அவற்றில் முக்கியமானவை. ரொறன்ரோவுக்கு இதில் பெருமைப்படத்தக்க வரலாறு இருக்கிறது. மாரடைப்பு வந்தவர் படுக்கையை விட்டு எழவே கூடாது என்ற எண்ணம் இன்னும் முற்றாக மறையாத 1960களின் பிற்பகுதியில், டாக்டர் டெரன்ஸ் கவனா இங்கே அவர்களை நடக்கவும் மெதுவாக ஓடவும் வைத்தார். 1973இல் அவருடைய நோயாளிகள் சிலர் பொஸ்டன் மரதன் ஓடினார்கள். அந்தப் பணியின் வழிவந்த திட்டம் இன்றும் இந்த நகரில் நடக்கிறது. இதுபோன்ற இடங்களில் பரிசோதனை நடத்துவது, பயிற்சியின் அளவைத் தீர்மானிப்பது, இதயத் துடிப்பைக் கண்காணிப்பது ஆகிய பணிகளில் கினிசியாலஜிஸ்டுகள் இருக்கிறார்கள். வேலைகள் குறைவு, விடுவோரும் குறைவு. மாணவராக இருக்கும்போதே தன்னார்வலராக உள்ளே போனவர்களுக்கு வாய்ப்பு அதிகம்.

வேறு எங்கெல்லாம் போகலாம்?

தொழில்வழிச் சிகிச்சை (நோயோ காயமோ உள்ளவர் அன்றாட வேலைகளைத் தாமே செய்ய உதவுவது), மருத்துவம், தாதியியல், ஆசிரியப் பணி, கைரோபிராக்டிக் (முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் சரிசெய்வது), செயற்கை உறுப்புப் பொருத்துதல், ஆராய்ச்சி என வழிகள் நீளும். மருத்துவத்தைக் குறிவைப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சில மருத்துவக் கல்லூரிகள் கேட்கும் வேதியியல் பாடங்கள் கினிசியாலஜித் திட்டத்தில் இருக்காது. அவற்றை இரண்டாம் ஆண்டிலேயே தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். செயற்கைக் கை, கால் வடிவமைக்கும் துறை பலருக்குத் தெரிவதில்லை. ரொறன்ரோவின் ஜார்ஜ் பிரவுன் கல்லூரியில் பட்டத்துக்குப் பிறகு படிக்கலாம். கைவேலையும் அறிவியலும் சேர்ந்து பிடிக்கும் பிள்ளைக்கு அருமையான தொழில்.

தமிழ்நாட்டில் பிசியோதெரபி முடித்துவிட்டு இங்கே வந்திருக்கிறேன். கினிசியாலஜியில் சேர வேண்டுமா?

முதலில் உங்கள் பட்டத்தையே மதிப்பிடச் சொல்லுங்கள். வெளிநாட்டில் படித்த பிசியோதெரபிஸ்டுகளின் கல்வியை மதிப்பிட்டுத் தகுதித் தேர்வுக்கு அனுமதிக்கும் தேசிய அமைப்பு இருக்கிறது. நான்கு ஆண்டுகளையும் அதற்கான பணத்தையும் மறுபடி செலவிட்டு வேறு இளநிலைப் பட்டம் படிப்பது பெரும்பாலோருக்குத் தேவையற்றது. மதிப்பீடு நடக்கும் காலத்தில் உதவியாளராக வேலை பார்க்கலாம். பதிவு கிடைக்கும் வரை பிசியோதெரபிஸ்ட் என்ற பெயரைப் பயன்படுத்தக் கூடாது. தங்கள் பட்டம் நிகரானது என்று காட்டிக் கினிசியாலஜிஸ்டாகப் பதிவு பெற்றவர்களும் உண்டு.

பெண் பிள்ளைக்கு ஏற்ற வேலையா?

ஆம். வகுப்புகளில் பெண்கள் நிறையவே இருக்கிறார்கள். ஆண் நோயாளிகளைத் தொட்டு வேலை செய்ய வேண்டுமே என்ற தயக்கம் சில வீடுகளில் இருக்கிறது. எங்கே, எதற்காகத் தொடப்போகிறோம் என்று சொல்லி ஒப்புதல் பெற்ற பின்பே தொட வேண்டும் என்பது எங்கள் தொழில் விதி. அது இரு பக்கத்துக்கும் பாதுகாப்பு. நம் அம்மாக்களும் அம்மம்மாக்களும் ஒரு பெண்ணிடம் பயிற்சி பெறவே விரும்புகிறார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கையை அழுத்திப் பார்த்து ஒவ்வாமை எது என்று சொல்கிறார்களே, அதுவும் கினிசியாலஜியா?

இல்லை. அது அமெரிக்கக் கைரோபிராக்டர் ஜார்ஜ் குட்ஹார்ட் 1964இல் தொடங்கிய, 'அப்ளைடு கினிசியாலஜி' என்ற பெயர் கொண்ட வேறொரு முறை. ஒவ்வாமையையோ நோயையோ அப்படிக் கண்டறிய முடியும் என்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை. பல்கலைக்கழகப் படிப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. யாராவது அதற்குப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

தமிழ் தெரிந்திருப்பது இந்தத் தொழிலில் உதவுமா?

மிகவும். தெற்காசியர்களுக்கு நீரிழிவும் இதயநோயும் மற்றவர்களைவிட இளம் வயதிலேயே வருகின்றன. பெரியவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவில் உடலை அசைக்க வேண்டும் என்று கனடிய வழிகாட்டுதல் சொல்கிறது. அதை ஆங்கிலத் துண்டறிக்கையில் அச்சிட்டுக் கொடுத்தால் ஸ்கார்பரோவில் ஏழாவது மாடியில் தனியாக இருக்கும் எழுபது வயது அம்மா என்ன செய்வார்? குளிர்காலத்தில் வெளியே இறங்கப் பயம். விழுந்துவிடுவோம் என்ற பயத்தால் நடப்பது குறைகிறது, நடப்பது குறைந்ததால் கால் பலம் போய் உண்மையிலேயே விழுகிறார். கதிரையில் இருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லி நேரம் பார்க்கும் எளிய பரிசோதனை ஒன்றே அவர் விழும் ஆபத்தைப் பற்றி நிறையச் சொல்லிவிடும். "அம்மா, கையை ஊன்றாமல் எழும்புங்கோ பார்ப்பம்" என்று அவர் மொழியில் சொல்ல ஆள் இருந்தால் அவர் செய்வார். சோறு சமைக்கும்போதே அடுப்படி மேசையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்கலாம் என்று சொன்னால் மறுவாரமும் செய்வார். இந்த வேலைக்கு ஆட்கள் போதவில்லை.

தன்னார்வப் பணியை எப்போது தொடங்க வேண்டும்?

முதலாம் ஆண்டின் இரண்டாம் பருவத்தில். முதல் பருவம் பல்கலைக்கழகத்துக்குப் பழகட்டும். வாரத்துக்கு மூன்று, நான்கு மணி நேரம் போதும், ஆனால் ஒரே இடத்தில் ஓராண்டாவது நிலைத்திருக்க வேண்டும். பரிந்துரைக் கடிதம் எழுதுபவருக்கு உங்கள் பிள்ளையை உண்மையில் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? மருத்துவமனை கிடைக்காவிட்டால் முதியோர் இல்லம், சமூக நிலையத்தின் பயிற்சி வகுப்பு, மாற்றுத்திறனாளிகளுக்கான நீச்சல் வகுப்பு என்று கேட்டுப் பாருங்கள். மருத்துவமனைகள் தடுப்பூசிப் பதிவையும் காவல்துறைச் சான்றையும் கேட்கும். இவை கைக்கு வர வாரக்கணக்கில் ஆகும் என்பதால் டிசம்பர் விடுமுறைக்கு முன்பே விண்ணப்பித்து வைத்துவிடுங்கள்.